ஆனியில் வீசி ஐப்பசிக்குக் காத்திருக்கும் விதைகள்

பள்ளிக்கூடம், கல்லூரி, தன்னார்வ அமைப்பு என்று தமிழ்நாடெங்கும் பரவிவிட்ட பழக்கம் விதைப்பந்து. களிமண்ணையும் சாணத்தையும் பிசைந்து, நடுவில் சில விதைகளை வைத்து உருட்டி, நிழலில் காயவைத்துத் தரிசில் வீசுகிறார்கள். ஜப்பானிய இயற்கை உழவர் மசானபு ஃபுகோகாவால் உலகறிந்த முறை இது. தூத்துக்குடி போன்ற வறண்ட கடற்கரைக்கு இது பொருந்துமா? முறை பொருந்தும், அதை நாம் கையாளும் விதம் பொருந்தாது.

முதலில் நிறைகளைச் சொல்லிவிடலாம். மண் உறை, விதையை எறும்பிடமும் பறவையிடமும் இருந்து காக்கிறது. நாற்றங்கால், குழி, லாரித் தண்ணீர் எதுவும் தேவையில்லை. கோடையில் குடிநீருக்கே அல்லாடும் ஊர்ப்பக்கம் இது சாதாரண விஷயமல்ல. பாலித்தீன் பையில் வளர்ந்த கன்றின் வேர் சுருண்டிருக்கும். இருந்த இடத்திலேயே முளைத்த செடியோ ஆணிவேரை நேராக ஈரம் தேடி இறக்கும். சிறுபிள்ளைகளும் செய்யக்கூடிய வேலை என்பது கூடுதல் ஆதாயம்.

குறைகளில் முதலாவது காலம். சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5-ஐ ஒட்டிப் பந்து வீசுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. தூத்துக்குடியில் ஆண்டுக்குச் சுமார் 650 மி.மீ. மழைதான், அதில் பெரும்பங்கு அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் பெய்வது. ஜூனில் இங்கே வீசுவது வறண்ட மேல்காற்று. தேரி மணலையே இடம் மாற்றும் காற்று அது. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது நாடறிந்த பழமொழி. ஆனால் விளாத்திகுளம், எட்டயபுரம் கரிசல் சம்சாரிகள் மானாவாரிக்குப் புரட்டாசியைத்தான் பார்ப்பார்கள். மழைக்குச் சற்று முன் விதைப்பதும், பல தானியங்களைக் கலந்து விதைப்பதும் அவர்களுக்குக் கைவந்த கலை. விதைப்பந்து உருட்டுவோர் பாடம் கேட்க வேண்டிய இடம் பக்கத்துக் காட்டிலேயே இருக்கிறது.

இரண்டாவது குறை விதைத் தேர்வு. பெரும்பாலான பந்துகளுக்குள் இருப்பவை வேம்பு, புங்கன் போன்ற மர விதைகள். வேப்பமுத்து பழுத்து விழுந்த சில வாரங்களிலேயே முளைப்புத்திறனை இழக்கத் தொடங்கிவிடும். ஆனியில் பந்துக்குள் போன முத்து ஐப்பசி மழைவரை உயிரோடு இருக்கும் என்று நம்புவதற்கில்லை. ஆவாரை, கொழுஞ்சி, அடும்பு ஆகியவற்றின் விதைகள் அப்படியல்ல. தடித்த தோலோடு மாதக்கணக்கில் மழைக்குக் காத்திருக்கக்கூடியவை. இவற்றில் பாதியை வெந்நீரில் ஊறவைத்தும் பாதியை அப்படியேயும் விதைத்தால், முதல் மழை ஏமாற்றினாலும் அடுத்த மழைக்கு இருப்பு மிஞ்சும்.

மூன்றாவது குறையை யாரும் பேசுவதில்லை. ஆடு மாடுகள் சீமைக்கருவேல நெற்றுகளை விரும்பித் தின்னும்; விதைகள் செரிக்காமல் சாணத்தோடு வெளியேறி நன்றாகவே முளைக்கும். மக்காத சாணத்தில் உருட்டிய பந்து, எந்த மரத்தை அழிக்க நீதிமன்றம் வரை போனோமோ அதையே கொண்டுபோய் விதைத்துவிடக்கூடும். மக்கிய தொழுவுரத்தைச் சலித்து, அதையும் குறைவாகச் சேர்ப்பதே நல்லது. காட்டுப்பூச்செடிகளுக்குக் கொழுத்த மண் தேவையில்லை; உரம் ஏறினால் முரட்டுக் களைகளே முந்தும். பூம்புல்வெளிகளைப் பேணும் பிரிட்டனில், வெட்டிய புல்லை அங்கேயே மக்க விடாமல் அள்ளிச் செல்வதும் இதனால்தான்.

எல்லா இடத்துக்கும் ஒரே கலவை என்பதும் தவறு. கடற்கரை மணலுக்கு அடும்புக்கொடியும் ராவணன் மீசைப் புல்லும், உப்பள வரப்புக்கு உமரி, செம்மண் தரிசுக்கு ஆவாரை, கொழுஞ்சி, தும்பை, இடையிடையே உடைமரம். ராவணன் மீசையின் காய்ந்த கதிர்க்கொத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முள் நீட்டிய உருண்டையாகத் தண்டிலிருந்து கழன்று, காற்றோடு மணலில் குதித்தோடி, போகிற வழியில் விதையை உதிர்க்கும். ராவணன் மீசை மணலில் ஆழ வேர்விடும் புல், அடும்பு கணுவுக்குக் கணு வேரூன்றும் கொடி. இரண்டும் சேர்ந்தால் மணல்மேடு நிலைக்கும். இத்தகைய இடங்களை ‘வெற்றிடம்’ என்று எண்ணி மரம் நட்டு நிரப்புவது திருத்தமல்ல, சேதம்.

பராமரிப்பில்தான் நம் ஆர்வம் வற்றிவிடுகிறது. மழை ஓய்ந்த தையில், மண் இளகியிருக்கும்போதே சீமைக்கருவேல நாற்றுகளை வேரோடு பிடுங்க வேண்டும். காய் முற்றி விதை உதிருமுன் நாம் விதைத்த செடிகளை வெட்டக் கூடாது. முதல் ஆண்டிலாவது ஆடு நுழையாமல் முள்வேலி வேண்டும். சென்னையில் 2011-இல் திறக்கப்பட்ட 58 ஏக்கர் அடையாறு பூங்கா, சீரழிந்த உப்பங்கழியோரத்தை நாட்டுத் தாவரங்களால் மீட்க முடியும் என்று காட்டியது. ஆனால் அதன் பின்னால் இருந்தது தொடர்ந்த உழைப்பு, ஒருநாள் விழாவல்ல.

எதிர்ப்பக்க நியாயத்தையும் ஒதுக்க முடியாது. சித்திரையில் இந்தக் காட்டுச்செடிகளில் பல காய்ந்து பழுப்பாகும். ‘புதர் மண்டிக்கிடக்கு, பாம்பு வரும்’ என்று அக்கம்பக்கத்தார் சொல்வது வீண்பயமல்ல. குப்பை கொட்டவும் அது இடமாகிவிடும். எனவே வீட்டோரத்திலும் நடைபாதையோரத்திலும் ஒரு பட்டையை ஒட்ட வெட்டி வைத்து, உட்பகுதியை மட்டும் பூக்க விடுவதே நடைமுறைக்கு உகந்தது.

விதைப்பந்தைக் கைவிட வேண்டியதில்லை. நாள்காட்டியை மாற்றினால் போதும். ஜூனில் அந்தந்த இடத்து விதையைச் சேகரியுங்கள், புரட்டாசிக் கடைசியில் விதையுங்கள், தையில் களை எடுங்கள். எத்தனை லட்சம் பந்து வீசினோம் என்பதை விட்டுவிட்டு, அடுத்த வைகாசியில் எத்தனை செடி உயிரோடு நிற்கிறது என்று எண்ணி அறிவியுங்கள்.