கூம்பா, டப்பாவா: மாருதி 800-இன் காற்றுவழி

பழைய கார்புரேட்டர் மாருதி 800-ஐ வாங்கிப் புதுப்பிக்கிறவர்கள், தகர வேலையும் பெயின்ட்டும் முடியும் முன்பே ஒரு காரியம் செய்துவிடுகிறார்கள். கம்பெனி கொடுத்த ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றி ஓரம் வைத்துவிட்டு, சென்னை ஜி.பி. ரோட்டில் வாங்கிய சிவப்புக் கூம்பு ஃபில்டரை மாட்டுகிறார்கள். பவர் கூடும், மைலேஜ் கூடும், கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம் என்பவை காரணங்கள். மூன்றையும் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவுக் காற்றை இழுக்கிறது. 796 சி.சி., 5500 ஆர்.பி.எம். என்றால் நிமிடத்துக்கு 2189 லிட்டர். சிலிண்டர் முழுதாக நிரம்புவதில்லை. 80 சதவீதம் நிரம்புவதாகக் கொண்டால் ஏறக்குறைய 1750 லிட்டர். இந்தக் காற்றை டப்பாவுக்குள் இருக்கும் காகித ஃபில்டர் எவ்வளவு மறிக்கிறது என்பதை வீட்டிலேயே அளக்கலாம். கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் டியூபை யு வடிவில் வளைத்துப் பாதிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையை ஃபில்டருக்குப் பிந்தைய குழாயில் சொருகி, மறுமுனையைத் திறந்து விடுங்கள். ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்து மேடேறும்போது இரு பக்க நீர்மட்டமும் எவ்வளவு விலகுகிறதோ அதுதான் தடை. காற்றுமண்டல அழுத்தம் சுமார் 1033 செ.மீ. நீர்மட்டத்துக்குச் சமம். எனவே 10 செ.மீ. விலகினாலும் இழப்பு 1 சதவீதம்தான். 40 குதிரைத்திறன்கூட இல்லாத இந்த எஞ்சினில் அது அரைக் குதிரைத்திறனை எட்டாது. அதுவும் ஃபில்டரே இல்லாமல் ஓட்டினால் கிடைக்கும் லாபம். கூம்புக்கும் தனக்கென ஒரு தடை உண்டு.

பாதி ஆக்ஸிலேட்டரில் ஓடும்போது இந்தப் பேச்சே எழாது. அங்கே காற்றை மறிப்பது கார்புரேட்டரின் த்ராட்டில் தட்டு. டிரைவரே வேண்டுமென்று போட்டிருக்கும் தடை அது.

மாட்டியதும் கார் துள்ளுகிறது என்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த டப்பா காற்றிழுக்கும் இரைச்சலை அடக்கும் சைலன்சராகவும் வேலை செய்கிறது. அது போனதும் உறுமல் கேபினுக்குள் வருகிறது. காது சொல்வதைக் கால் நம்பிவிடுகிறது. ஸ்டாப்வாட்ச் வைத்து ஒரே சாலையில் இரு திசையிலும் ஓட்டிப் பார்க்காதவரை அந்தச் சாட்சியத்தை நான் ஏற்க மாட்டேன்.

கூம்பு கேட்கும் விலையோ பெரிது. டப்பாவின் மூக்கு எஞ்சின் சூட்டிலிருந்து விலகிய இடத்துக் காற்றை எடுக்கிறது. கூம்பு ரேடியேட்டரும் எக்ஸாஸ்ட்டும் சுட வைத்த காற்றைக் குடிக்கிறது. வெளியே 38 டிகிரி, பானட்டுக்குள் 68 டிகிரி என்று வைத்துக்கொண்டால் காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட 9 சதவீதம் குறைகிறது. 1 சதவீதத்தைத் தேடிப்போய் 9 சதவீதத்தை இழக்கும் வியாபாரம் இது. போதாக்குறைக்கு, சூடான காற்றில் கார்புரேட்டர் கலவை ரிச்சாகும்.

மைலேஜ் விஷயத்தில் 2009-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் செய்த சோதனை உதவும். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலை இன்ஜெக்ட் செய்யும் கார்களில் அடைபட்ட ஃபில்டர்கூட மைலேஜைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை, வேகமெடுப்பதுதான் மந்தமானது. கார்புரேட்டர் கார் அப்படித் தன்னைத் திருத்திக்கொள்ளாது. அங்கே அடைபட்ட ஃபில்டரை மாற்றுவது பயன் தரும். ஆனால் அது புதுக் காகிதத்துக்கான வாதமே தவிரக் கூம்புக்கானது அல்ல.

இனி ஃபில்டரின் உண்மையான வேலையான தூசி தடுப்புக்கு வருவோம். மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7. சிலிண்டரின் வார்ப்பிரும்பை அது அராவித் தின்றுவிடும். ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் ஆயில் படலம் சில மைக்ரான் தடிமன்தான் என்பதால் கண்ணுக்குத் தெரியாத துகளே அங்கே அதிகக் கேடு செய்கிறது. கூம்பில் உள்ள எண்ணெய் தோய்த்த பருத்தி வலையின் கண்கள் பெரியவை. எண்ணெய்ப் பிசுக்கை நம்பித்தான் அது தூசி பிடிக்கிறது. கழுவியபின் ஓரிடத்தில் எண்ணெய் விட்டுப்போனால் அங்கே வெறும் ஓட்டைதான். எண்ணெய் ஆவி சென்சாரைக் கெடுக்கும் என்ற குற்றச்சாட்டை இங்கே எழுப்புவது நியாயமில்லை. அது சூடான கம்பியால் காற்றை அளக்கும் சென்சார் உள்ள கார்களின் பிரச்சினை, இந்த 800-இல் அப்படி எதுவும் இல்லை. கழுவிப் பயன்படுத்தும் சிக்கனமும் எடுபடவில்லை. காகித எலிமென்ட் சில நூறு ரூபாய்க்குள் முடிகிற பொருள்.

காகிதத்துக்கும் ஒரு பகை உண்டு: ஒர்க்‌ஷாப்பில் ஒவ்வொரு சர்வீஸிலும் கம்ப்ரசர் காற்றை அடிப்பது. லேசாகத் தூசி படிந்த காகிதம் புதியதைவிட நன்றாகவே வடிகட்டும். பலத்த காற்று அதன் இழைகளைக் கிழிக்கும். கையேடு சொல்லும்போது மாற்றுங்கள், நடுவில் சீண்டாதீர்கள்.

எதை வாங்கினாலும் பொருத்துவதில்தான் பாதி வெற்றி. புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய டப்பாவின் மூடி நெளிந்திருந்தால், எவ்வளவு நல்ல எலிமென்ட்டும் வீண். தூசி விளிம்பைச் சுற்றி உள்ளே போய்விடும். டப்பாவின் உட்புறத்தை ஈரத்துணியால் துடைத்து, ரப்பர் விளிம்பு சுற்றிலும் சமமாக அழுந்துகிறதா என்று பாருங்கள். கார்புரேட்டர் வாயிலுள்ள ரப்பர் வளையத்தையும் ஹோஸ் வெடிப்புகளையும் விட்டுவிடாதீர்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஃபில்டருக்குப் பிந்தைய குழாயின் உட்சுவரை வெள்ளைத் துணியால் துடையுங்கள். தூசிக்கோடு தெரிந்தால் அது எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் கசிவு. கூம்பு மாட்டியவர்கள் பலர் டாப்பெட் மூடியிலிருந்து வரும் பிரீதர் குழாயைத் தொங்கவிட்டிருப்பதைப் பார்க்கிறேன். ஆயில் புகை எஞ்சினுக்குள் திரும்பி எரிவதற்கான வழி அது. அறுத்துவிட யாருக்கும் உரிமையில்லை.

ஆக, சாலையில் ஓட்டும் 800-க்கு என் தீர்ப்பு: நெளியாத அசல் டப்பா, தரமான காகித எலிமென்ட், கிரில்லுக்குப் பின்னாலிருந்து குளிர்காற்று கொண்டுவரும் மூக்குக் குழாய். கூம்பு வாங்காமல் மிச்சப்படும் பணம் ரப்பர் வளையங்களுக்கும் புது ஹோஸுக்கும் போகட்டும். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் மட்டும் ஓடி, எஞ்சினை அடிக்கடி பிரிக்கிற கார் என்றால் கூம்புக்கு இடமுண்டு. அங்கே தூசி குறைவு. அப்போதும் அதைச் சுற்றித் தகரத் தடுப்பு அடித்து, எஞ்சின் சூடு அண்டாமல் செய்ய வேண்டும். மண்பாதை ராலியில் முன்னால் போகும் காரின் புழுதிக்குள் மணிக்கணக்கில் ஓட்டுகிறவருக்கோ அந்தச் சலுகையும் கிடையாது.