மூதாதையர் யாருக்குச் சொந்தம்?
'வகாண்டா' என்னும் கற்பனை நாட்டை முன்வைத்து

வகாண்டா என்றொரு நாடு. வரைபடத்தில் தேடாதீர்கள், கிடையாது. மலையும் காடும் சூழ்ந்து, எந்தக் காலனி ஆட்சிக்கும் அடிமைப்படாமல், தன் மூதாதையரை வணங்கிக்கொண்டு வாழும் ஒரு கற்பனை ஆப்பிரிக்க நாடு. 1966-இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் அமெரிக்கப் படக்கதை ஒன்றில் இதை உருவாக்கினார்கள். 2018-இல் ரையான் கூக்ளர் 'பிளாக் பாந்தர்' என்று படமாக எடுத்தார். கறுப்பு மக்கள் அதைத் திருவிழா மாதிரிக் கொண்டாடினார்கள். நம்ம பசங்களும் கொண்டாடினார்கள். பெயரிலேயே சிறுத்தை இருக்கும்போது விடுவார்களா?

அந்தப் பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. படக்கதை வந்தது 1966-இன் நடுவில். ஓக்லாந்தில் கருஞ்சிறுத்தைக் கட்சி தொடங்கப்பட்டது அதே ஆண்டு அக்டோபரில். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கவில்லை. ஆனால் கட்சியின் பெயர் பரவியதும் படக்கதைக்காரர்களுக்குச் சங்கடமாகிவிட்டது. 1972-இல் தங்கள் நாயகனுக்கு 'பிளாக் லெப்பர்ட்' என்று பேரை மாத்திப் பார்த்தார்கள். அதே 1972-இல்தான் நாம்தேவ் தசாலும் ஜெ.வி. பவாரும் தோழர்களும் ஓக்லாந்து கட்சியின் பெயரை எடுத்து, பம்பாயில் 'தலித் பாந்தர்ஸ்' தொடங்கினார்கள். அவர்கள் கழற்றிப் போட நினைத்ததை நாம் எடுத்து மாட்டிக்கொண்டோம். தமிழில் பாந்தர், லெப்பர்ட் ரெண்டுக்குமே சிறுத்தைதான். பேரை மாத்தினாலும் நம்மகிட்ட தப்பிக்க முடியாது!

இனி படத்துக்கு வருகிறேன். அழகான படம், அதில் சந்தேகமில்லை. லெசோதோ மலைநாட்டு மக்களின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வீரர்கள் நிற்கும்போது அந்த உடுப்பு வெறும் உடுப்பாக இல்லை. உடை வடிவமைத்த ரூத் கார்ட்டருக்கு 2019-இல் ஆஸ்கர் கிடைத்தது நியாயம். கறுப்பு உடம்பு அரசனாக, விஞ்ஞானியாக, படைத்தளபதியாகத் திரையில் நிமிர்ந்து நிற்பதைப் பார்க்கும் சந்தோஷத்தை யாரும் கொச்சைப்படுத்த வேண்டாம்.

என் கேள்வி வேறு. அந்த நாட்டில் மூதாதையரோடு பேசும் உரிமை யாருக்கு?

படத்தில் ஒரு மூலிகை. அதைக் குடிப்பவன் முன்னோர் உலகத்துக்குப் போய் அவர்களோடு பேசலாம். ஆனால் குடிக்கக் கொடுப்பது அரசனுக்கு மட்டும். சனங்கள் அருவியோரப் பாறையில் நின்று பாட வேண்டியது, குலவையிட வேண்டியது, அவ்வளவுதான். விலைமதிப்பில்லாத உலோகம் கிடைக்கும் சுரங்கத்தைக் காட்டுகிறார்கள். அதை வெட்டுகிற கைக்கு ஒரு பெயர், ஒரு முகம், ஒரு பாட்டன் இருந்தானா என்று கேட்கவில்லை. ராசாவுக்கு மட்டும்தான் பரம்பரை. மத்தவனெல்லாம் கூட்டம்.

புது அரசன் ட்சல்லா மூலிகை குடித்துப் போகும் முன்னோர் உலகம் விரிந்த புல்வெளி. மரக்கிளைகளில் கருஞ்சிறுத்தைகளாக முன்னோர்கள் அமர்ந்திருக்கிறார்கள். கில்மாங்கர் அரச வம்சத்து இளவரசனுக்கு அமெரிக்காவில் பிறந்த பிள்ளை. 1992-இல் அப்பனை அரசனே கொன்றுவிட்டு, பிள்ளையை ஓக்லாந்திலேயே அநாதையாய் விட்டுவிட்டான். அவன் வளர்ந்து வந்து, சண்டையில் வென்று, அதே மூலிகையைக் குடிக்கிறான். அவனுக்குக் கிடைப்பது புல்வெளி அல்ல. அப்பன் செத்த அதே சின்ன வீடு. அங்கே அப்பன் மட்டும் தனியாக. செத்த பிறகும் ஊர் வேறு, சேரி வேறு! இந்த இடத்தை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே, சுடுகாட்டுக்குப் போகும் பாதை மறுக்கப்பட்டதால், தலித் ஒருவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். மேலுலகத்துக்குப் போறதுக்கும் பாதை யாருடைய நிலம் வழியா போகுதுங்கறதுதான் கேள்வி.

இது கற்பனை நாட்டு விவகாரம் மட்டுமல்ல. மடகாஸ்கரின் நடு மலைநாட்டில் மெரினா மக்கள் வாழ்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கல்லறையைத் திறந்து, முன்னோரின் எலும்புகளை எடுத்து, புதுப் பட்டு சுற்றி, தோளில் தூக்கி ஆடுவார்கள். 'பமடிஹானா' என்று பெயர். மானுடவியலாளர்கள் எழுதிக் குவித்த சடங்கு. ஆனால் அந்தச் சமூகத்தில் அந்த்ரியானா என்ற பிரபுக்கள் உண்டு, ஹோவா என்ற குடியானவர்கள் உண்டு, அந்தேவோ என்ற அடிமைகளும் உண்டு. பிடித்துவரப்பட்ட அடிமைக்கு முன்னோர் நிலம் இல்லை, முன்னோர் கல்லறை இல்லை. 1896-இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அதற்குப் பின்னும் அவர்கள் வழிவந்தவர்களோடு மணஉறவு கொள்ள மற்றவர்கள் தயங்குவது நிற்கவில்லை. அவர்களை அந்த மொழியில் 'தொலைந்த மனிதர்கள்' என்பார்கள். மானுடவியலாளர் டேவிட் கிரேபர் 2007-இல் வெளியிட்ட நூலுக்கு அதையே தலைப்பாக வைத்தார். முன்னோர் வழிபாடு அங்கே வெறும் பக்தி அல்ல. நிலத்துக்கு அதுவே பட்டா.

எனக்குத் தாத்தா பேர் தெரியும். தாத்தாவோட அப்பா பேர் தெரியாது. வீட்டில் கேட்டால், "யாருக்குடா ஞாபகம் இருக்கு, பண்ணையில கெடந்தாங்க" என்பார்கள். நம்மில் பலருக்கு இதுதான் குடிவழி.

அதனால்தான் வகாண்டாவின் கவர்ச்சி நமக்கு ஆபத்தானது என்கிறேன். பேர் தெரியாத பாட்டனுக்குப் பதிலாக ஒரு ராசாவைச் செய்து வைத்துக்கொள்ளும் ஆசை நம்மிடமும் வளர்கிறது. 'நாங்களும் ஆண்ட பரம்பரை' என்று சுவரொட்டி அடிக்கிறார்கள். இழிவு சுமத்தப்பட்டவன் பெருமை தேடுவது எனக்குப் புரிகிறது. ஆனால் ராசா இருந்தால் அவன் காலடியில் ஒருவன் கிடந்திருப்பான். அவனுக்கும் பாட்டன் பேர் தெரிந்திருக்காது.

வேறு வழியும் நம்மிடம் இருக்கிறது. அயோத்திதாசப் பண்டிதர் நம்மைப் பூர்வ பௌத்தர் என்றார். அம்பேத்கர் 1948-இல் எழுதிய நூலில் நம் முன்னோரைச் 'சிதறுண்ட மனிதர்கள்' என்றார். பௌத்தத்தை விடாததால் ஒதுக்கப்பட்டவர்கள் என்றார். வரலாற்றுச் சான்று போதுமா என்று ஆய்வாளர்கள் சண்டை போடட்டும். எனக்கு முக்கியம் அவர்கள் தேர்ந்தெடுத்த முன்னோர் யார் என்பது. மண்டியிட மறுத்தவர்கள் அவர்கள்.

படமும் இதைத் தொட்டுவிட்டுப் போகிறது. சாகும் தருவாயில் கில்மாங்கர் தன்னைக் காப்பாற்ற வேண்டாம் என்கிறான். அடிமைத்தளையைவிடச் சாவு மேல் என்று கப்பலிலிருந்து குதித்த முன்னோர்களோடு தன்னையும் கடலில் சேர்க்கச் சொல்கிறான். கல்லறை இல்லாத, பேர் இல்லாத மூதாதையர். படத்திலேயே மிக உயர்ந்த பேச்சு இது. அதை வில்லன் வாயில் வைத்து, அவனையும் கொன்றுவிடுகிறார்கள். அரசனோ தன் முன்னோர்களின் முகத்துக்கு நேராக 'நீங்கள் செய்தது தப்பு' என்று சொன்னவன்தான். ஆனாலும் கடைசியில் திரும்பி வந்து அரியணையில்தான் உட்காருகிறான். ஓக்லாந்தில் கட்டடம் வாங்கி நற்பணி மையம் திறக்கிறான். கலகத்துக்குப் பதில் நலத்திட்டம்! நமக்குத் தெரியாத கதையா?

வகாண்டாவின் அரியணையை நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கடலில் குதித்தவர்களை எடுத்துக்கொள்வோம்.