இல்லாத டிஸ்க்கின் பழுது

லினக்ஸ் கெர்னலில் 'ஸ்கஸி டீபக்' என்றொரு டிரைவர் உண்டு. கணினியின் நினைவகத்தில் 8 எம்.பி. இடத்தை எடுத்துக்கொண்டு, தன்னை ஒரு ஹார்ட் டிஸ்க் என்றே காட்டிக்கொள்ளும். கேட்டால் பழுதும் காட்டும்: அதற்குரிய ஆப்ஷனைப் போட்டால், 4660-ஆம் செக்டார் தொடங்கிப் பத்து செக்டார்களைப் படிக்க முடியாது என்று கைவிரிக்கும். நிஜ டிஸ்க்கில் இப்படியொரு பழுதுக்குக் காத்துக்கிடக்க வேண்டும்.

இந்த டிரைவர் தவறாக நடித்தால், இதை நம்பிச் சோதித்த மென்பொருள் எங்கோ ஒருவருடைய கோப்பைக் கெடுத்துவிடும். அதனால்தான் இதில் வரும் ஒவ்வொரு மாற்றத்தையும் சரிபார்ப்பவர் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை. எல்லாம் ஒழுங்காக நடக்கும் வழியை அவர் சீக்கிரம் கடந்துவிடுவார். நின்று வாசிப்பது ஓரங்களில். ஜிகாபைட் கணக்கில் கொள்ளளவு இருப்பதாக அறிவித்துவிட்டு, உள்ளே அந்தச் சின்ன இடத்தையே சுற்றிச் சுற்றிப் பயன்படுத்த இந்த டிரைவரால் முடியும். அப்படியானால், எழுதும் தரவு அந்த இடத்தின் கடைசியைத் தாண்டும்போது மிச்சம் தொடக்கத்துக்குத் திரும்புகிறதா? பிழை வந்து பாதியில் வெளியேறும்போது, போட்ட பூட்டைத் திறந்துவிட்டுத்தான் போகிறதா?