க்விட் 1.0: அதே உடம்பு, கூடுதலாக 200 சி.சி.

ஒரகடத்தில் உருவாகும் ரெனோ க்விட் 2015 செப்டம்பரில் விற்பனைக்கு வந்தபோது அதில் இருந்தது 799 சி.சி. இன்ஜின். அடுத்த ஆகஸ்டிலேயே அதே கூட்டுக்குள் 999 சி.சி. வந்து உட்கார்ந்தது. முன்சக்கரம் இழுக்கும் காரில் பெரிய இன்ஜின் போட்டால் என்ன ஆகும் என்று பார்க்க இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைக்காது. டயர் அதே 155/80 ஆர்13. சக்கரத்துக்கு மூன்றே நட்டு என்ற கஞ்சத்தனமும் அதே. பழைய 0.8 ஒன்றையும் 1.0 ஒன்றையும் தெரிந்தவர்களிடம் இரவல் வாங்கி, வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஓட்டினேன்.

காகிதத்தில் 54 பி.எஸ். 68 ஆகிறது, டார்க் 72 நியூட்டன் மீட்டரிலிருந்து 91-க்கு ஏறுகிறது. இரண்டுமே மூன்று சிலிண்டர்தான், 1.0-ல் ஒவ்வொரு சிலிண்டரும் கொஞ்சம் பெருத்திருக்கிறது. வித்தியாசம் உச்ச வேகத்தில் அவ்வளவாகத் தெரியாது. கியர் போடும் கைக்குத் தெரியும். படப்பை தாண்டி ஒரு கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் 40-ல் மாட்டிக்கொண்டால், 0.8-ல் இரண்டாவது கியருக்கு இறங்கி இன்ஜினை அலறவிட வேண்டும். அதற்குள் பின்னால் ஷிப்ட் பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு வந்துவிடும். 1.0 மூன்றாவதிலேயே நகர்ந்துவிடுகிறது. நாலு பேர், ஏ.சி., ஒரகடம் மேம்பால ஏற்றம் என்று எல்லாம் சேர்ந்தால் 0.8 மூச்சுவாங்கும், 1.0 முனகுவதோடு சரி. இதற்கான விலையை மைலேஜில் கொடுக்கிறோம்: அதிகாரபூர்வக் கணக்கில் லிட்டருக்கு 25.17 கி.மீ. என்பது 23.01 ஆகிறது. என் கணக்கில் இது லாபமான பேரம்.

மாறாதவையும் இருக்கின்றன. திருப்பிய ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வரச் சோம்பல்படுகிறது. ஒல்லியான டயர் ஈரச் சாலையில் சீக்கிரமே கைவிரிக்கிறது. வேகம் கூடிய காரில் இவை இரண்டும் முன்பைவிடக் கண்ணில் படுகின்றன.

முன்சக்கரம் இழுக்கும் வண்டியின் சிக்கலே இதுதான்: இழுப்பதும் திரும்புவதும் அதே இரண்டு சக்கரம். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் எடை பின்னுக்குச் சாய்ந்து முன் டயரின் பிடி குறைகிறது. அதுவும் பிடி தேவைப்படும் நேரத்தில். இடது, வலது ஆக்ஸில்களின் நீளம் வேறானால் ஸ்டீயரிங்கே ஒரு பக்கம் இழுக்கும். 91 நியூட்டன் மீட்டருக்கு இந்தக் கவலை இல்லை. அதே ஒரகடத்திலிருந்து 2020-ல் வந்த டஸ்டர் 1.3 டர்போ, 254 நியூட்டன் மீட்டரையும் முன்சக்கரங்களுக்கே அனுப்பியது. அந்த வண்டிக்கு அகலமான டயரும் கனமான உடம்பும் இருந்தன. இன்ஜின் பெரிதானால் கிளட்ச், ஆக்ஸில், மவுன்ட், ரேடியேட்டர், பிரேக் எல்லாவற்றையும் அதற்கேற்பப் பார்க்க வேண்டும். தொழிற்சாலையில் இன்ஜின் மாற்றுவதற்கும் மெக்கானிக் ஷெட்டில் மாற்றுவதற்கும் வித்தியாசம் இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

அப்படியும் சிலர் கேட்பார்கள்: “0.8-ஐ மலிவாக வாங்கி, புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடையில் ஒரு 1.0 இன்ஜின் எடுத்துப் போட்டுவிடலாமா, சார்?” இடம் இருக்கிறது, ஆனால் இடம் மட்டும் போதாது. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் ஈ.சி.எம்., வயரிங், சாவியோடு பேசும் இம்மொபிலைசர் எல்லாம் ஒத்துவர வேண்டும். ஒத்துவந்தாலும் ஆர்.சி. புத்தகம் ஒத்துவராது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. விபத்து நடந்து இன்சூரன்ஸ் சர்வேயர் பானட்டைத் திறந்தால் இன்ஜின் நம்பரையும் பார்ப்பார்.

2023-ல் 0.8 நிறுத்தப்பட்டுவிட்டது, பழைய வண்டிச் சந்தையில் மட்டும் இரண்டும் அருகருகே நிற்கின்றன. வாங்குபவர்கள் 1.0-ஐப் பார்த்து எடுக்கலாம். பானட்டைத் திறந்து, இன்ஜின் நம்பர் ஆர்.சி.யோடு பொருந்துகிறதா என்று பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.