காதில்லாத லிங்கன்

அப்பாவும் மகனும் ஒரே காரில் நெடுந்தூரம் போகிற படம் என்றாலே எனக்குக் கொஞ்சம் பயம். எங்கேயாவது ஒரு மேட்டில் கார் நிற்கும், சூரியன் மறையும், அப்பா மனசைத் திறப்பார், மகன் கண்ணைத் துடைத்துக்கொள்வான், பின்னணியில் கிடார் கேட்கும். இருபது வருஷம் பேசாமல் விட்டதை இருபது நிமிஷத்தில் பேசித் தீர்த்துவிட்டு ஊர் போய்ச் சேர்வார்கள். அலெக்சாண்டர் பெய்னின் 'நெப்ராஸ்கா'வை (2013) நாலைந்து முறை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பேச்சு இப்போது வந்துவிடுமோ என்று ஒரு பதற்றம் இருக்கத்தான் செய்கிறது. வராமல் போனதும் ஒரு நிம்மதி.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முடிவையும் சொல்லப்போகிறேன், முடிவைப் பேசாமல் இந்தப் படத்தைப் பேச முடியாது. மொன்டானாவின் பில்லிங்ஸ் நகரில் இருக்கும் வுடி கிராண்ட் என்ற கிழவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு விழுந்திருப்பதாக ஒரு கடிதம் வருகிறது. பத்திரிகைக்குச் சந்தா பிடிக்க ஊருக்கெல்லாம் அனுப்புகிற அச்சடித்த காகிதம் அது. வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். கிழவர் கேட்பதாக இல்லை. அவ்வளவு பணத்தைத் தபாலை நம்பி விட முடியுமா, நேரில் போய்த்தான் வாங்கணும் என்று நெப்ராஸ்காவின் லிங்கன் நகருக்கு நடந்தே கிளம்பிவிடுகிறார். தூரம் 1,300 கிலோமீட்டருக்கு மேல். நெடுஞ்சாலையின் ஓரத்தில் பனி கிடக்க, அவர் தள்ளாடி நடந்து வருவதில்தான் படம் தொடங்குகிறது. கடைசியில் மகன் டேவிட், சரி, போய்த்தான் பார்த்துவிட்டு வருவோமே என்று லீவு போட்டுவிட்டுக் காரை எடுக்கிறான். வழியில் ரஷ்மோர் மலை. பிறகு வுடி பிறந்து வளர்ந்த ஹாதோர்ன் என்ற கற்பனை ஊர், அங்கே சொந்தக்காரர்கள். காகிதத்தில் எழுதினால் சாதாரணக் குடும்பச் சுற்றுலாதான்.

படம் முழுக்கக் கறுப்பு வெள்ளை. அறுவடை முடிந்து மொட்டையாகக் கிடக்கும் வயல்கள், இலை உதிர்ந்த மரங்கள், தரையோடு ஒட்டிக் கிடக்கும் வானம். ஒளிப்பதிவாளர் ஃபெடோன் பாப்பாமைக்கேல் அந்த நிலத்தை அழகுபடுத்தவும் இல்லை, அசிங்கப்படுத்தவும் இல்லை. ஸ்டுடியோவின் கட்டாயத்துக்காக வண்ணத்தில் ஒரு பிரதியும் தயாரானது. அதை யாரும் பார்க்காமல் இருந்தால் நல்லது என்று பெய்னே சொல்லியிருக்கிறார். நானும் பார்க்கவில்லை.

ரஷ்மோர் காட்சி இரண்டு நிமிஷம்கூட வராது. வண்டியை நிறுத்துவதற்கே கிழவருக்கு இஷ்டமில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பார்க்காமல் போவதா என்று மகன்தான் வற்புறுத்துகிறான். வெளியூர் போனால் நம் வீட்டிலும் ஒருத்தர் இப்படிச் சொல்வார், இல்லையா? இறங்கி நிற்கிறார்கள். எதிரே நாலு ஜனாதிபதிகளின் பாறை முகங்கள். கிழவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேலை முடிந்த மாதிரியே தெரியலையே, செதுக்கினவனுக்குச் சலித்துப்போயிருக்கும் என்கிறார். வாஷிங்டனுக்கு மட்டும்தான் துணி இருக்கிறது, அதுவும் அரைகுறை. லிங்கனுக்குக் காதே இல்லை. அவ்வளவுதான், காருக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

தியேட்டரில் சிரிப்பு வருகிற இடம். ஆனால் கிழவர் சொன்னது அப்படியே உண்மை. கட்சன் போர்க்லம் என்ற சிற்பி 1927இல் வேலையைத் தொடங்கினார். நாலு பேரையும் இடுப்பு வரை செதுக்குவதுதான் திட்டம். 1941 மார்ச்சில் அவர் இறந்தார், பணமும் வற்றியது, அதே ஆண்டு அக்டோபரோடு வேலை நின்றது. வருகிற கூட்டமெல்லாம் மெய்மறந்து பார்க்கும் அந்த மலை, பாதியில் நின்றுபோன வேலை. வுடி ஒரு காலத்தில் கராஜ் வைத்திருந்தவர். மெக்கானிக்கின் கண்ணோடு பார்க்கிறார், முடியாத வேலை முடியாத வேலையாகவே தெரிகிறது. யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிற மனிதர் என்று படம் அவரைப் பற்றிப் பின்னால் சொல்லும். அப்படிப்பட்டவர், நாடே வணங்கிப் பார்க்கிற ஒன்றை மட்டும் நம்ப மறுக்கிறார். அவர் போய்ச் சேர வேண்டிய ஊரின் பெயரும் லிங்கன் என்பதைப் படம் எங்கேயும் அடிக்கோடிட்டுக் காட்டுவதில்லை. நானும் அதை ரொம்ப இழுக்க விரும்பவில்லை.

ஹாதோர்னில் சகோதரர் ரே வீட்டில் தங்குகிறார்கள். எனக்குப் படத்தில் மிகவும் பிடித்த காட்சி இங்கே வருகிறது. வுடியின் சகோதரர்களும் அவர்கள் பிள்ளைகளும் ஹாலில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். கேமரா டிவி இருக்கும் இடத்தில் நிற்கிறது. எத்தனையோ வருஷம் கழித்துப் பார்க்கிற ரத்த சொந்தங்கள் எல்லோரும் நம் முகத்தையே வெறிக்கிறார்கள். எப்போதோ வைத்திருந்த ஒரு பழைய காரைப் பற்றி நாலு வார்த்தை. மறுபடி மௌனம். இதை நகைச்சுவை என்று மட்டும் எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பேச ஒன்றுமில்லாதவர்கள் ஒன்றாக உட்கார்ந்திருப்பதற்கு ஒரு சாக்கு வேண்டும். டிவி அந்தச் சாக்கு. காரும் அப்படித்தான், இரண்டு பேரும் முன்னால் பார்த்துக்கொண்டு உட்காரலாம், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அதனால்தான் 1,300 கிலோமீட்டரிலும் அந்தப் பெரிய பேச்சு நடப்பதில்லை.

பரிசு விஷயம் ஊரில் கசிந்ததும் வாய் திறக்கிறது. கசியவிடுவது கிழவரேதான். அது வரைக்கும் அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. இப்போது எல்லோருக்கும் பழைய கணக்கு ஞாபகம் வருகிறது. அன்றைக்குக் கொடுத்தோமே, இன்றைக்குத் திருப்பித் தரக் கூடாதா என்கிறார்கள். கராஜில் கூட்டாளியாக இருந்த எட் பெக்ரமும் வந்து நிற்கிறார். தமிழில் 'பங்காளி' என்ற சொல் தகப்பன் வழி உறவுக்காரனையும் குறிக்கும், தொழில் கூட்டாளியையும் குறிக்கும், உள்ளே 'பங்கு' உட்கார்ந்திருக்கும். பாப் நெல்சன் எழுதிய திரைக்கதையை எங்கள் மொழியின் ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்போல் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் மனைவி கேட் எழுந்து நிற்கிறாள். ஜூன் ஸ்குவிப் நடித்த பாத்திரம். 84 வயதில் ஆஸ்கர் பரிந்துரை பெற்றுத்தந்த பாத்திரம். அது வரைக்கும் அவள் கிழவரைக் கரித்துக்கொட்டிக்கொண்டே இருப்பவள், கல்லறையில் போய் நின்று செத்தவர்களைக்கூட விட்டுவைக்காதவள். சொந்தங்கள் கணக்கைக் கொண்டுவந்ததும் அவள் எதிர்க்கணக்கை எடுத்து வைக்கிறாள். காசு வாங்காமல் யார் யாருக்கெல்லாம் வேலை செய்து கொடுத்தார், இல்லை என்று சொல்லத் தெரியாத அவரை யார் யார் உறிஞ்சினார்கள், எல்லாம் அவள் நினைவில் இருக்கிறது. இத்தனை வருஷமாக அவரைத் திட்டிக்கொண்டே அவர் சார்பாக யாரோ ஒருத்தி கணக்கு எழுதி வந்திருக்கிறாள் என்பது டேவிட்டுக்கு அப்போதுதான் தெரிகிறது. நமக்கும். அன்பு என்ற சொல்லை யாரும் உச்சரிக்காமலே அது நடந்துவிடுகிறது.

பெய்ன் தன் மனிதர்களைக் கிண்டல் செய்கிறார், நகரத்துப் பார்வையாளர்கள் சிரிக்கத்தான் இந்தக் கிராமத்து முகங்களை வரிசையாக உட்காரவைத்திருக்கிறார் என்று ஒரு குற்றச்சாட்டு படம் வந்த நாளிலிருந்தே உண்டு. அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ரேயின் இரண்டு பிள்ளைகளும் வெறும் கேலிச்சித்திரம். பில்லிங்ஸிலிருந்து வர இத்தனை நேரமா என்று டேவிட்டைப் பார்த்து அவர்கள் சிரிப்பது முதல் தடவை நன்றாக இருக்கிறது, பிறகு சலிக்கிறது. அவர்களுக்கு ஒரு நிமிஷமாவது மனிதர்களாக இருக்கப் படம் வாய்ப்புக் கொடுத்திருக்கலாம். ஆனால் பெய்ன் ஒமாஹாவில் பிறந்தவர், நெப்ராஸ்காக்காரர். சின்னச் சின்ன வேடங்களில் அந்தப் பகுதி மக்களையே நடிக்கவைத்திருக்கிறார். டிவி காட்சியின் முகங்களில் எனக்குத் தெரிவது கேலி செய்கிற வெளியாள் இல்லை. எந்தச் சொந்தக்காரர் எப்படி உட்காருவார் என்று சின்ன வயசிலிருந்து பார்த்துப் பழகிய ஒருத்தர்.

என்னுடைய குறை வேறு. கணக்கைப் பற்றி இவ்வளவு பேசுகிற படம், ரஷ்மோரில் இறங்கிய கையோடு ஏறிப் போய்விடுகிறது. அந்த மலைக்கு லகோட்டா மக்கள் வைத்திருந்த பெயரின் பொருள் 'ஆறு பாட்டன்மார்'. மலை நிற்கும் பிளாக் ஹில்ஸ் பகுதி அவர்களுடையது என்று 1868ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் அமெரிக்க அரசே ஒப்புக்கொண்டது. 1874இல் அங்கே தங்கம் இருப்பது தெரிந்தது, 1877இல் நிலம் பறிபோனது. 1980இல் உச்ச நீதிமன்றம், எடுத்தது தப்பு, இழப்பீடு வாங்கிக்கொள்ளுங்கள் என்று 10 கோடி டாலருக்கும் மேல் தீர்ப்பளித்தது. அவர்கள் வாங்க மறுத்துவிட்டார்கள். எங்களுக்குப் பணம் வேண்டாம், மலைதான் வேண்டும் என்றார்கள். வட்டியோடு சேர்ந்து அந்தத் தொகை நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது, இன்னும் தொடாமல் கிடக்கிறது.

இல்லாத பத்து லட்சத்தைத் தேடி ஒரு கிழவர் போகிற வழியில், இருக்கிற நூறு கோடியை வேண்டாமென்று ஒரு சமூகமே உட்கார்ந்திருக்கிறது. பாட்டன்மாரின் பெயரைச் சுமந்த மலை! குடும்பத்தையும் கடனையும் பற்றிய படத்துக்கு இதைவிடப் பெரிய விஷயம் வழியில் கிடைத்திருக்காது. வுடிக்கு அது தெரிந்திருக்க வேண்டியதில்லை, அவரிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆனால் கேமராவுக்குத் தெரிந்திருக்கலாம். அந்த வெறுமையான நிலத்தை இவ்வளவு நேரம் காட்டுகிற படம், அது எப்படி வெறுமையானது என்று ஒரு நொடிகூட யோசிப்பதில்லை. எனக்கு ரொம்பப் பிடித்த படம் என்பதால்தான் இது உறுத்துகிறது.

லிங்கனில் நடப்பது நமக்கு முன்பே தெரிந்ததுதான். அலுவலகத்தில் இருக்கும் பெண் எண்ணைச் சரிபார்த்துவிட்டுப் பரிசில்லை என்கிறாள், ஒரு தொப்பியைக் கொடுத்து அனுப்புகிறாள். பணம் எதற்கு என்று கிழவர் வழியிலேயே சொல்லியிருக்கிறார்: ஒரு டிரக், ஒரு கம்ப்ரஸர், மிச்சம் பிள்ளைகளுக்கு. எதையாவது விட்டுவிட்டுப் போகணும் இல்லையா. கம்ப்ரஸர் ரொம்ப வருஷத்துக்கு முன்னால் எட் வாங்கிப்போய்த் திருப்பித் தராதது. டேவிட் தன் காரைக் கொடுத்துவிட்டு அப்பா பெயரில் ஒரு டிரக் வாங்குகிறான், கம்ப்ரஸரும் வாங்குகிறான்.

ஹாதோர்ன் வழியாகத் திரும்பும்போது ஸ்டியரிங்கைக் கிழவரிடம் கொடுக்கிறான். இந்த முடிவை இனிப்பு என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது அவ்வளவு சுலபமாக இறங்கவில்லை. ஊர் மனிதனை எதை வைத்து அளக்கிறதோ, அதே அளவுகோலுக்கு முன்னால்தான் வண்டி போகிறது. டிரக் இருந்தால் மதிப்பு, இல்லாவிட்டால் கிண்டல், அந்த விதியை மகன் உடைக்கவில்லை, அப்பாவுக்காக ஒரு தடவை அதற்குப் பணம் கட்டுகிறான். அது மட்டுமில்லை, டேவிட் சீட்டுக்குக் கீழே குனிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அப்பா தனியாக ஓட்டிப்போவதாக ஊர் பார்க்க வேண்டும் என்றால் மகன் கண்ணில் படக் கூடாது. புரூஸ் டெர்னுக்கு கான் விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது இந்தப் படத்துக்குத்தான். இந்தக் கடைசி ஐந்து நிமிஷத்தில் அவர் முகத்தில் வெற்றிக்களிப்பு எதுவும் இல்லை. எட் பார்க்கிறார். ஒரு காலத்தில் வுடியை விரும்பிய பெண் பார்க்கிறாள். சாலையோரம் நாற்காலி போட்டுப் போகிற வண்டிகளை எண்ணிக்கொண்டிருக்கும் சகோதரர் பார்க்கிறார்.

ஊர் தாண்டியதும் கிழவர் வண்டியை நிறுத்துகிறார். இரண்டு பேரும் இறங்கி, ஒன்றும் பேசாமல் இடம் மாற்றிக்கொள்கிறார்கள். வீட்டுக்கு இன்னும் நிறையத் தூரம் இருக்கிறது.