கீற்று முடைதல்

தென்னங்கீற்று முடைவதை யாரும் கைவேலை என்று மதிப்பதில்லை. ஆனால் மட்டையை நெடுக்காகப் பிளந்து, ஊறவைத்து, ஓலைகளை ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழுமாகக் கோத்து, ஓரம் அவிழாமல் முடிவதற்கு அரிவாளைத் தவிர வேறு கருவி கிடையாது; இழுப்பின் அளவு விரல்களுக்குத்தான் தெரியும். விரல் பழகிவிட்டால் வாய்க்கு வேலை வேண்டுமே! பெண் பார்க்க வந்தவர்கள், பிள்ளைப்பேறு, பங்காளிச் சண்டை எல்லாம் கொல்லையில் கீற்றோடு சேர்ந்தே முடையப்பட்டன. இரண்டு மழைக்குத் தாங்காத பொருள்தானே என்பார்கள். தாங்காததால்தான் பழக்கம் மகளுக்கும் போனது. அடிக்கடி செய்யாத வேலையை யார் கற்பார்கள்? தீப்பற்றும் என்பதற்கு மட்டும் மறுப்பில்லை. 2004இல் கும்பகோணத்துப் பள்ளியில் கீற்றுக் கூரை எரிந்து 94 குழந்தைகள் மாண்டார்கள். பள்ளிக்கு அது ஆகவே ஆகாது. மாட்டுக்கொட்டகைக்கும் கோடைப் பந்தலுக்கும் தகரத்தைவிட அதுவே மேல்: தகரம் உள்ளே இறக்கும் சூட்டை ஓலை வெளியிலேயே நிறுத்திவிடுகிறது.