பென் டிரைவில் வரும் தமிழ்

பழைய பாமினி எழுத்துருவை ஓரங்கட்ட யுனிகோட்டுக்கு ஏன் இத்தனை காலம் பிடித்தது என்று கேட்டால், பழகிய விரல்கள், அச்சகங்கள், அலுவலகப் படிவங்கள் என்று காரணங்களை அடுக்குவோம். ஒன்றை மட்டும் யாரும் சொல்வதில்லை. பாமினி ஒரேயொரு எழுத்துருக் கோப்பு. பென் டிரைவில் கொண்டுபோய் எழுத்துருக் கோப்புறையில் ஒட்டினால் வேலை முடிந்தது. யுனிகோட் தமிழுக்கோ, விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில், முதலில் மொழி அமைப்புப் பக்கத்தைத் திறந்து சிக்கலான வரிவடிவங்களுக்கான பெட்டியில் சரி போட வேண்டும். உடனே அது விண்டோஸ் சிடியைக் கேட்கும். கடைக்காரர் எல்லாம் போட்டுத் தந்த கணினிக்குச் சிடி எங்கிருந்து வரும்? அதையும் கடந்த பிறகுதான் விசைப்பலகை மென்பொருளை நிறுவும் படலம் தொடங்கும்.

ஆகவே ஒரு தமிழ் மென்பொருளின் தலைவிதியில் அது எந்த நிறுவிப் பொதியாக வந்தது என்பதற்கும் பங்கு உண்டு என்பேன். இலங்கையில் ரெங்கநாதன் தமிழ் விசைப்பலகை எஸ்எல்எஸ் 1326 என்ற தரமாக 2008இல் ஏற்கப்பட்டது. தரம் தாளில் இருந்தால் போதாது. மாத்தளைக்கு வடமேற்கே, யட்டவத்த போன்ற பிரதேசத்தின் பாடசாலைக் கணினி அறை ஒன்றை மனதில் வையுங்கள். சிங்களமும் தமிழும் ஒரே கணினியில் தட்டச்சாக வேண்டும். அட்மின் பாஸ்வேர்ட் ஓர் ஆசிரியரிடம் மட்டும். இணையம் என்பது யாரோ ஒருவருடைய கைபேசி ஹொட்ஸ்பொட். மென்பொருள் எழுதுபவர் பொதி வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நினைக்க வேண்டியது இந்த அறையைத்தான். பெரும்பாலும் அவர் நினைப்பது தன் மேசையில் உள்ள கணினியை.

எக்ஸி நிறுவிகள் எழுதுபவருக்கு இனியவை. ஜோர்டன் ரசல் 1997இல் வெளியிட்ட இன்னோ செட்டப்பும், வினாம்ப் பாடல் இயக்கிக்காக நல்சொஃப்ட் உருவாக்கிய என்எஸ்ஐஎஸ்ஸும் இலவசம். ஒரு மாலைப் பொழுதில் கற்றுக்கொள்ளலாம். ஒரே கோப்பு, சிறிய கோப்பு. குறை என்னவென்றால் சுதந்திரம்தான். நீக்கும்போது என்ன போகும் என்பது எழுதியவரின் ஒழுங்கைப் பொறுத்தது. இன்னோ தான் வைத்த கோப்புகளைப் பதிந்துவைத்துக்கொள்ளும், ஆனால் ஆசிரியர் தனியே சேர்த்த குறிநிரல் செய்ததை அது அறியாது. என்எஸ்ஐஎஸ்ஸிலோ நீக்கும் பகுதியையும் கையால் எழுத வேண்டும். இருபது கணினிகளில் கேள்வி கேட்காமல் நிறுவ வேண்டுமென்றால் ஒன்றுக்கு ஒரு கட்டளை, மற்றதற்கு வேறு. என்எஸ்ஐஎஸ்ஸின் கட்டளையில் பெரிய ‘எஸ்’ஸுக்குப் பதில் சின்ன ‘எஸ்’ போட்டால் அது கண்டுகொள்ளவே செய்யாது!

இதற்கு மறுமுனை மைக்ரோசொஃப்டின் எம்எஸ்ஐ பொதி. ஒஃபிஸ் 2000உடன் 1999இல் வந்தது. இது நிரலாக இல்லாமல் அட்டவணைகள் கொண்ட ஒரு தரவுத்தளமாக இருப்பதே இதன் அழகு. எந்தக் கோப்பு எங்கே போக வேண்டும் என்பதை எழுதுபவர் அறிவிப்பார், செய்வது விண்டோஸ். பாதி வழியில் மின்சாரம் போனாலோ பிழை வந்தாலோ பழைய நிலைக்குத் திரும்ப வழி உண்டு. எல்லா எம்எஸ்ஐக்கும் ஒரே அமைதிக் கட்டளை. நிர்வாகிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் எழுதுபவரிடம் இது கேட்கும் கட்டுப்பாடு கொஞ்சநஞ்சமல்ல. அடையாள எண்களை ஒழுங்காகப் பேணாவிட்டால் ஒரே மென்பொருளின் இரண்டு பதிப்புகள் பட்டியலில் அருகருகே நிற்கும்.

தமிழருக்கென்று இதில் ஒரு கசப்பும் இருக்கிறது. எம்எஸ்ஐ தன் சொற்களை ஏதாவதொரு குறியீட்டுப் பக்கத்துக்குள் சேமிக்கும் பழைய ஏற்பாட்டைக் கொண்டது. ஜப்பானியத்துக்கு 932, ரஷ்ய மொழிக்கு 1251 என்று பக்கங்கள் உண்டு. விண்டோஸின் இயல்புப் பக்கங்களில் தமிழுக்கும் சிங்களத்துக்கும் இடமே கிடைக்கவில்லை. யுனிகோட்டுக்கான 65001ஐப் போட்டு ஒப்பேற்றலாம், ஆனால் அதை முழுமையாக நம்ப முடியாது. தமிழ் எழுதுவதற்கான கருவி, தன்னை நிறுவும் பெட்டியில் தமிழில் பேச முடியாமல் ஆங்கிலத்தில் ‘நெக்ஸ்ட்’ கேட்டு நிற்கிறது. இன்னோவின் யுனிகோட் பதிப்பில் இந்தத் தடை இல்லை. அதன் வாசகங்கள் எளிய உரைக்கோப்பில் இருப்பதால் யாரும் தமிழாக்கலாம்.

2018இல் அறிமுகமான எம்எஸ்ஐஎக்ஸ் பொதி சுத்தமானது, நீக்கினால் தடயமின்றிப் போகும். கணக்குப் புத்தகச் செயலிக்கு நல்ல தேர்வு. விசைப்பலகைக்கு அப்படியல்ல. எம்எஸ்ஐஎக்ஸ் மென்பொருளை ஓர் உறைக்குள் அடைக்கிறது. விசைப்பலகையின் தொழிலோ வேர்ட், உலாவி, விளையாட்டு என்று அடுத்தவர் வீட்டுக்குள் நுழைவது. போதாததற்கு, கையொப்பச் சான்றிதழ் இல்லாமல் அது நிறுவவே விடாது. அந்தச் சான்றிதழுக்குப் பெரும்பாலும் டொலரில் பணம் கட்ட வேண்டும். இலவசமாகத் தமிழ்க் கருவி எழுதும் ஒருவர் 2022 டொலர் நெருக்கடிக்குப் பிந்திய இலங்கையில் அதை எந்தக் கணக்கில் எழுதுவார்? கையொப்பம் இல்லாத எக்ஸியை மட்டும் விண்டோஸ் சும்மா விடுகிறதா என்றால் அதுவும் இல்லை. ஸ்மார்ட்ஸ்கிரீன் என்ற எச்சரிக்கை நீலப் பெட்டியாக எழும். நற்பெயர் அந்தக் கோப்புக்கு மட்டும் சேர்வதால், ஒவ்வொரு புதிய பதிப்பும் மீண்டும் சந்தேக நபராகவே தொடங்குகிறது.

நிறுவவே வேண்டாத ஜிப் பொதியைப் பலர் புகழ்கிறார்கள். அட்மின் பாஸ்வேர்ட் இல்லாத மாணவருக்கு அது வரப்பிரசாதம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாதாரண உரிமையோடு ஓடும் நிரல், நிர்வாகி உரிமையோடு ஓடும் சாளரத்தில் விசைகளைத் திணிக்க விண்டோஸ் அனுமதிப்பதில்லை. வேர்டில் வந்த தமிழ் அங்கே வராது, காரணமும் தெரியாது. பழி தமிழின் மேல் விழும்.

என் தெரிவு, உள்ளே எம்எஸ்ஐயும் வெளியே எக்ஸி உறையும் கொண்ட இரட்டைப் பொதி. எ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளின் பழைய பதிப்பு சார்ந்திருந்த கீமேன் இயந்திரத்தின் இன்றைய விண்டோஸ் பதிப்பும் அந்த வழியில்தான் வருகிறது. உறை தமிழில் பேசட்டும், உள்ளிருப்பது விண்டோஸின் ஒழுங்கில் நிற்கட்டும். அதோடு ஒரு ஜிப். நிபந்தனை ஒன்றுதான்: முழுக் கோப்பாக இருக்க வேண்டும். சின்னதாக வந்து, ஓடத் தொடங்கிய பிறகு மீதியை இணையத்திலிருந்து இழுக்கும் நிறுவிகள் நகரத்துக்காரரின் கண்டுபிடிப்பு. இருபது கணினிகளில் இருபது தடவை ஒரே பொருளை இறக்கினால் ஹொட்ஸ்பொட் கொடுத்தவரின் டேட்டா மதியத்துக்குள் தீரும்.

கீமேனில் இன்னொரு சாமர்த்தியம் உண்டு. எந்த விசைப்பலகையைச் சேர்க்க வேண்டும் என்ற தகவலை நிறுவிக் கோப்பின் பெயரிலேயே வைத்து அனுப்புகிறார்கள். நேர்த்திதான். ஆனால் பென் டிரைவில் ஏறும் கோப்புக்கு ‘தமிழ் புதுசு’ என்று பெயர் மாற்றாத ஆசிரியரை நான் இன்னும் பார்க்கவில்லை.